ஈரக்காற்றில் ஒரு லீ டாங்கி

வணக்கம் நேயர்களே. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, ஒரு யுத்த டாங்கியை மேசைமேல் நிறுத்துவதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அதுவும் நம்ம மலையகத்து ஈரக்காற்றில் அதை எப்படிச் செய்வது என்று. பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாளில் தலவாக்கலை ஜூலை மாதத்துக்கு வழி சொல்லியிருக்காது.

டாங்கி என்றதும் எல்லாரும் ஜெர்மனியின் டைகரைத்தான் கேட்பார்கள். நான் சொல்வது அமெரிக்காவில் செய்த எம்3 லீ. 1944 ஏப்ரலில், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானோடு போரிட்ட நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தன்னுடைய தென்கிழக்காசியத் தலைமையகத்தை தில்லியிலிருந்து நம்ம பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அந்தத் தலைமையகத்தின் கீழ் நடந்த பர்மா யுத்தத்தில் ஓடிய டாங்கி இது. அதே வருஷம் மே மாதம், இந்தியாவின் வடகிழக்கு மலையூரான கோஹிமாவில், மாவட்ட ஆணையாளர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்தைச் சுற்றி ஜப்பானியர் பதுங்குகுழி தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். மலைச்சரிவில் புல்டோசரால் பாதை வெட்டி, ஒரு லீயை மேலே ஏற்றி, மைதானத்துக்குள் இறக்கி, கிட்டத்தில் நின்றே சுட்டார்கள். மழை, சேறு, சரிவு: மலையகத்தில் இருப்பவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றப் போர்முனைகளில் பழசாகி ஒதுக்கப்பட்ட லீ, பர்மாவில் 1945 வரை நின்றது. டாங்கியை உடைக்கும் பீரங்கி ஜப்பானியரிடம் குறைவு, அதுதான் காரணம்.

இதன் தோற்றமே தனி. 75 மில்லிமீட்டர் பீரங்கி உடலின் வலப்பக்கத்தில், 37 மில்லிமீட்டர் பீரங்கி மேலே சுழலும் கோபுரத்தில். பின்னால் விமான எஞ்சின், முன்னால் கியர். இரண்டையும் இணைக்கும் தண்டு நடுவில் உயரத்தில் போவதால் டாங்கியும் உயர்ந்துவிட்டது. உண்மையான லீ 3.12 மீட்டர் உயரம். 35இல் 1 பங்கு அளவில் செய்தால் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் உயரம், 16 சென்டிமீட்டர் நீளம். ஒரு கையில் ஏந்தலாம். தமியா, தகோம், மினிஆர்ட் என்ற மூன்று மாடல் கம்பனிகளும் இதை வெளியிட்டிருக்கின்றன.

பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். முதலில் அந்தச் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து கழற்றுவதற்குப் பூசிய எண்ணெய் மேலே இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகத்தைக் கையால் முறிக்க வேண்டாம். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி எடுத்து, மிச்சத்தைப் புது பிளேடால் சீவுங்கள். நெருக்கி வெட்டினால் பிளாஸ்டிக் வெள்ளையாக வெளிறிப் பள்ளம் விழும். ஒட்டுவதற்கு முன்னால் பசை இல்லாமல் ஒருதரம் பொருத்திப் பாருங்கள். பசை என்பது இங்கே பிளாஸ்டிக்கையே கரைக்கும் திரவம். இரண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விளிம்பில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானாக இடுக்கில் ஓடும். விரல் அந்த இடுக்கில் பட்டால் விரலடியிலும் ஓடிக் கைரேகை பதிந்துவிடும்.

லீயின் உடம்பு முழுக்க ரிவெட் ஆணித்தலைகள். இணைப்பைத் தேய்க்கும்போது அவை காணாமல் போகும். தேய்ப்பதற்கு முன்னால் பக்கத்து ரிவெட்டுகளின்மேல் டேப் ஒட்டுங்கள். அப்படியும் ஒன்று போனால், வெளியில் தெரியாத பாகத்திலிருந்து ஒரு ரிவெட்டைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி எடுங்கள். ஈரத் தூரிகை நுனியில் அதைத் தூக்கி இடத்தில் வைத்து, ஒரு சொட்டுப் பசை. பொட்டு வைப்பதுபோலத்தான், அழுத்தக்கூடாது.

பக்கத்துக்கு மூன்று சக்கரத் தொகுதி, மொத்தம் பன்னிரண்டு சக்கரம். பசை இறுகுவதற்குள் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி, பன்னிரண்டும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு சரிசெய்ய முடியாது. டைகரில் சங்கிலி சக்கரத்தின்மேல் தொய்ந்து கிடக்கும். லீயில் இறுக்கமாக இருக்க வேண்டும். சங்கிலி ரப்பர்போல மிருதுவாக வந்தால், சக்கரத்துக்குப் பெயின்ட் அடித்த பிறகே மாட்டுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் பட்டுக்கொண்டே இருந்தால் வருஷக்கணக்கில் சக்கரத்தை அது உருக்கிவிடும்.

இப்போது பெயின்ட். இங்கேதான் நம்ம ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. மாடலுக்கான ஸ்ப்ரே டின்னில் பெரும்பாலும் இருப்பது லாக்கர், வேகமாகக் காயும் பெயின்ட். அதன் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் படியும். அந்த ஈரம் பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பச்சை டாங்கி சாம்பல் பூத்ததுபோல வெளுத்துவிடும். பெயின்ட் கெட்டுப்போனது என்று டின்னைக் குறை சொல்வார்கள். டின்னில் குறையில்லை நேயர்களே, காற்றில் ஈரம்.

ஆகவே காற்று காய்ந்திருக்க வேண்டும். காலையில் கொடியில் போட்ட துணி பகலிலும் காயாத நாள் ஸ்ப்ரே அடிக்கும் நாளல்ல. பனி விலகிய பத்து மணிக்கும் பின்னேர மழைக்கும் இடையில் அடியுங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலையில் மழை கொட்டும்போது பண்டாரவளை, பதுளை காய்ந்து கிடக்கும்; அங்கே இருப்பவர்கள் அப்போது தாராளமாக அடிக்கலாம். நுவரெலியாவுக்குப் பெப்ரவரி, மார்ச்தான் நல்ல காலம். குளிர்ந்த டின் துப்பித் துப்பி அடிக்கும், அதனால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். அடுப்புப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், டின் வெடிக்கும். இருபது சென்டிமீட்டர் தள்ளி நின்று, மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். மெல்லிய பூச்சாக மூன்று தரம்.

வெளுத்துவிட்டால் தேய்க்காதீர்கள். காய்ந்த நாளாகப் பார்த்து அதே லாக்கரை மெல்லிசாக இன்னொருதரம் அடித்தால் கீழ்ப்பூச்சு இளகி, ஈரம் வெளியேறும். பெரும்பாலும் சரியாகும். மழை விடவே மாட்டேன் என்றால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டைத் தூரிகையால் பூசுங்கள். அது இப்படி வெளுக்காது, காய நேரமெடுக்கும், அவ்வளவுதான். தமியாவில் எக்ஸ்எஃப்-62 என்பது ஒலிவ் டிராப், பழுப்புக் கலந்த பச்சை. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் விடுங்கள். இல்லாவிட்டால் தூரிகை கீழ்ப்பூச்சைக் கிளப்பிக்கொண்டு வரும். திரும்பவும் சொல்கிறேன்: காற்று காய்ந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறது. வெள்ளை நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டுவதற்கு முன்னால் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு வேண்டும். கரடுமுரடில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி நிறமாகத் தெரியும். சேறு பூச நம்ம செம்மண்ணே போதும். ஆனால் பழைய வாணலியில் நன்றாக வறுத்து, துணியில் சலித்து, தண்ணீர் விட்ட வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசுங்கள். வறுக்காத மண்ணில் இலைத்தூளும் வேர்த்துண்டும் இருக்கும், ஒரு மழைக்காலத்துக்குள் டாங்கியில் பூஞ்சணம் பிடிக்கும். வணக்கம்.