ஒன்றரை மாத ஊசி அன்றைக்கு அம்மாவுக்கும் ஒரு சோதனை

நேயர்களுக்கு வணக்கம். குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளை பெற்ற பிறகு அம்மாவின் சர்க்கரையை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கர்ப்பத்தில் பார்த்துவிடுகிறோம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்களே, அதுதான். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்கிற இந்த முறையைப் பரப்பியதில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வெறும் வயிற்றோடு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும் கர்ப்பிணிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

சரி, பிரசவம் ஆனதும்? நஞ்சுக்கொடி விழுந்துவிட்டால், இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுத்த ஹார்மோன்களும் அதோடு போய்விடும். பெரும்பாலானவர்களுக்குச் சில நாளிலேயே சர்க்கரை இறங்கிவிடும். உடனே வீட்டில், "சர்க்கரை போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போகிற ஒரு பெண். தலைப்பிரசவத்தில் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டவள், பிள்ளை நாலு கிலோ. அம்மா வீடு வாகூர் பக்கம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். கவனியுங்கள், புருஷன் வீடு தமிழ்நாடு, அம்மா வீடு புதுச்சேரி. அவளுடைய கர்ப்பகால அட்டை புருஷன் வீட்டு டிரங்குப் பெட்டியில். ஒன்றரை மாத ஊசிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள், பிள்ளைக்குப் போட்டார்கள், திரும்பி வந்தார்கள். அம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க ஊசி போட்டவர்கள் கையில் ஒரு தாளும் இல்லை. வீட்டில் பாட்டி, "பச்ச ஒடம்புக்காரி" என்று வெளியே விடாமல், கருப்பட்டியும் நெய்யும் போட்ட லேகியத்தைக் காலையும் மாலையும் எலுமிச்சம்பழ அளவு உருட்டிக் கொடுத்திருக்கிறார். பாட்டியின் அன்பை நான் குறை சொல்லவில்லை. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தாராளமாகக் கொடுங்கள். சர்க்கரை இருந்த பெண்ணுக்கு அந்த இனிப்பு உருண்டை மட்டும் வேண்டாம்.

அடுத்த பிள்ளை உண்டாகி என்னிடம் வந்தாள். முதல் சோதனையிலேயே, வெறும் வயிற்றிலேயே சர்க்கரை எகிறிக் கிடக்கிறது. "எனக்கு அப்பவே போயிடுச்சே நர்ஸம்மா" என்கிறாள். அது எப்போது திரும்ப வந்தது என்று யாருக்குமே தெரியாது. பிள்ளையின் இதயமும் முதுகெலும்பும் உருவாகிற முதல் சில வாரங்களில் அம்மாவுக்குச் சர்க்கரை கூடி இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்? கர்ப்பத்தில் இன்சுலின் போட்டவர்கள், ஆரம்ப மாதங்களிலேயே சர்க்கரை தெரிந்தவர்கள், அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உள்ளவர்கள், பெரிய பிள்ளை பெற்றவர்கள், ஏறின எடை இறங்காமலே அடுத்த பிள்ளை உண்டானவர்கள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். ஒல்லியாக இருக்கிறேன், வயலில் வேலை செய்கிறேன், எனக்கு வராது என்று நினைக்காதீர்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சச் சோறும் ரசமும், நடுவில் பசிக்குச் சர்க்கரை போட்ட டீயும் பொறையும் என்றுதான் நம் பெண்களின் பொழுது போகிறது. காய், பருப்பு, முட்டை அவர்கள் தட்டுக்கு வருவதற்குள் பாத்திரம் காலி.

அதனால் சொல்கிறேன், பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போடுகிற அன்றைக்கே அம்மாவும் வெறும் வயிற்றோடு போய்ச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். வெறும் வயிற்றில் 126, இரண்டு மணி நேரத்தில் 200, இதில் ஒன்றைத் தொட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ரத்தத்தில் 140-க்கும் 200-க்கும் நடுவில் இருந்தால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். ஒன்றுமில்லை என்று வந்தாலும் வருஷா வருஷம் பாருங்கள். அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அட்டையை மறக்காமல் பைக்குள் வையுங்கள், மாமியார்மார்களே, நீங்களாவது எடுத்துக் கொடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நடைப்பயிற்சியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக, ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு நடங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், அது அம்மாவின் சர்க்கரைக்கும் நல்லது. வணக்கம்.