யானையின் விலையும் தேவாங்கின் கைகளும்

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கால்நடை மருத்துவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்பு பேசி என் குறிப்புகளில் பாதியைத் தாமே சொல்லி முடித்துவிட்ட ஓய்வுபெற்ற வன அதிகாரி அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பார்கள். காட்டுயிர் மீட்பையும் காட்டுயிர்க் குற்றங்களையும் காட்டும் தொலைக்காட்சி ஆவணத் தொடர் ஒன்றை ஒரு பகுதியும் விடாமல் பார்த்து மகிழ்ந்த பிறகு, இப்பழமொழி என் காதில் வேறு விதமாக ஒலிக்கிறது. அத்தொடரில் நான் சுவைத்த புலனாய்வு, மீட்பு, சட்டம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேசவே வந்தேன்.

புலனாய்வு துப்பறியும் கதையை வென்றுவிடுகிறது. ஆப்பிரிக்க யானைகளின் சாணத்திலிருந்து மரபணு வரைபடம் ஒன்றைத் தயாரித்து, பிடிபட்ட தந்தம் எந்த நிலப்பகுதியைச் சேர்ந்தது என்று கண்டறியும் முறையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசர் குழுவினர் வளர்த்தெடுத்தார்கள். ஒரே யானையின் இரு தந்தங்கள் வெவ்வேறு சரக்குகளில் அகப்பட்டதைக் கொண்டு, அவற்றின் பின்னால் இருந்த கும்பல்களின் தொடர்பையும் வெளிப்படுத்தினார்கள். இறந்த யானைக்கு நான் ஆயிரம் பொன் கொடுப்பதானால் இந்தச் சாட்சியத்துக்குத்தான் கொடுப்பேன்.

மீட்புக்கு வருகிறேன். ஒருநாள் இரவு என் பேத்தியும் உடன் அமர்ந்திருந்தாள். ஸ்லோ லோரிஸ் என்னும் தென்கிழக்காசியத் தேவாங்கு ஒன்றின் வாயை மருத்துவர் திறந்து காட்டினார், முன்பற்கள் இல்லை. வாங்குபவரைக் கடித்துவிடக் கூடாதென்று வணிகர்கள் அவற்றை நகவெட்டியால் நறுக்கிவிடுவார்களாம். அத்தகைய விலங்கைத் திரும்பக் காட்டில் விடவும் வழியில்லை. “தாத்தா, கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்குமே, அதுதானே இது?” என்றாள் பேத்தி. தேவாங்கு அப்படிக் கைதூக்கும் காணொளியை ‘இந்த நாள் இனிதாகட்டும்’ என்ற வாழ்த்தோடு நண்பர்கள் பதினான்கு பேருக்கு அனுப்பிய புண்ணியவான் அடியேன்தான். மேற்கையின் உட்புறச் சுரப்பியில் ஊறும் நீர் எச்சிலோடு கலந்தால் அதன் கடி நஞ்சாகும். அச்சத்தில், தற்காப்புக்காகவே அது கைகளை உயர்த்துகிறது, மகிழ்ச்சியால் அன்று என்று மருத்துவர் விளக்கினார். பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றிரவே பதினான்கு பேருக்கும் மறுப்பு எழுதினேன். பதின்மூன்று பேர் வருந்தினார்கள், ஒருவர் மட்டும், “அதெல்லாம் இருக்கட்டும், விலை என்ன இருக்கும்?” என்று கேட்டார்.

‘இருந்தாலும் ஆயிரம் பொன்’ என்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தந்தத்தையும் காண்டாமிருகக் கொம்பையும் கண்டு பதறுகிற நாம், உயிரோடு விலைபோகும் விலங்கைக் கண்டு சிரிக்கிறோம். ஆகவே என் கோரிக்கை தொலைக்காட்சி நிலையங்களிடம்தான். இரவில் மீட்புத் தொடரை ஒளிபரப்பிவிட்டு, காலையில் சட்டை போட்ட குரங்கையும் கூச்சம் காட்டப்படும் தேவாங்கையும் நகைச்சுவைத் துணுக்குகளாகக் காட்டுவதை அவை நிறுத்த வேண்டும். இதை மூன்று கூட்டங்களில் சொல்லிவிட்டேன், நான்காவதிலும் சொல்வேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973 மார்ச் 3 அன்று கையெழுத்தான சைட்டிஸ் உடன்படிக்கை, 2007இல் இத்தேவாங்குகளை, மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் தன் முதல் பட்டியலுக்கு உயர்த்தியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலைவர் மணியில் கைவைத்துவிட்டார். கோரிக்கை மனுவின் தாள்கள் கடைசி வரிசையில் இருக்கின்றன. பேனா என்னிடம் இருக்கிறது.