வேகத்தைக் குறைத்த மெல்வின்ஸ்: கிரஞ்சுக்கு முந்தைய கதை

[திரையில்: வாஷிங்டன் மாநில வரைபடம். சியாட்டிலில் இருந்து தென்மேற்கே நகர்ந்து மான்டசானோவில் நிற்கிறது.]

பங்கும் மெட்டலும் கலந்த ராக் இசையான கிரஞ்ச் என்றாலே சியாட்டில் நகரம், நிர்வானா குழு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நாம் மான்டசானோவுக்குப் போவோம். மரத்தொழிலை நம்பியிருந்த வட்டாரத்தில் ஒரு சின்ன ஊர். 1983-இல் பஸ் ஆஸ்பர்ன் இங்கேதான் மெல்வின்ஸ் குழுவைத் தொடங்கினார்.

அப்போது அவர்களும் மற்ற ஹார்ட்கோர் பங்க் (முரட்டு, அதிவேக ராக்) குழுக்கள் போலத் தலைதெறிக்கத்தான் வாசித்தார்கள். ஆஸ்பர்ன் வேலை பார்த்த சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நாள் இலவசக் கச்சேரி. பார்த்தவர்களில் ஒருவன் பதின்வயதுப் பையன் கர்ட் கோபேன், பின்னாளில் நிர்வானாவின் பாடகன். தான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று பிறகு நாட்குறிப்பில் எழுதினான்.

[திரையில்: சுழலும் இசைத்தட்டு. ஊசி இரண்டாம் பக்கத்தில் இறங்குகிறது.]

1984-இல் பிளாக் ஃபிளாக் என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவின் 'மை வார்' ஆல்பம் வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேடு ஏறுகிற வேகம். பங்க் ரசிகர்கள் பலர் கடுப்பானார்கள். மெல்வின்ஸ் அதையே பிடித்துக்கொண்டு, அதைவிட மெதுவாகப் போனார்கள். அதே ஆண்டு குழுவில் சேர்ந்த டேல் குரோவரின் டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் இடி.

[திரையில்: கிதார் கழுத்து, நெருக்கத்தில்.]

அப்புறம் கம்பி விஷயம். கிதாரின் ஆகத் தடித்த கம்பி வழக்கமாக 'ஈ' சுருதியில் இருக்கும். அதைத் தளர்த்தி 'டி'க்கு இறக்குங்கள். இப்போது தடித்த மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்தினாலே பவர் கார்டு, அதாவது ராக் இசையின் கனத்த கூட்டுச்சுரம், கிடைக்கும். கனமும் கூடும். பழைய ஹெவி மெட்டல் குழு பிளாக் சாபத் காலத்துச் சங்கதிதான். ஆனால் இதை ஆஸ்பர்ன் மூலம்தான் தெரிந்துகொண்டதாக சியாட்டில் குழு சவுண்ட்கார்டனின் கிதார் கலைஞர் கிம் தாயில் சொல்லியிருக்கிறார். தாயிலின் பெற்றோர் கேரளத்துக்காரர்கள் என்பது கூடுதல் தகவல்.

1986-இல் 'டீப் சிக்ஸ்' என்ற பல குழுக்களின் தொகுப்பு ஆல்பத்தில் கிரீன் ரிவர், சவுண்ட்கார்டன் குழுக்களோடு மெல்வின்ஸும் இடம்பெற்றார்கள். 1988-இல் நிர்வானாவின் டெமோவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் குரோவர். மெல்வின்ஸில் பேஸ் கிதார் வாசித்த மேட் லூகின் மட்ஹனி குழுவுக்குப் போனார். 1990-இல் டிரம்மர் டேவ் குரோலை கோபேனிடம் சேர்த்துவிட்டதும் ஆஸ்பர்ன்தான். இவ்வளவு செய்தும் பெரும்பணம் இவர்கள் பக்கம் வரவில்லை. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் மூன்று ஆல்பங்களோடு கைவிட்டது. குழு கலையவில்லை, வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முதல்முறை கேட்பவர்கள் 1993-இல் வந்த 'ஹூடினி' ஆல்பத்தில் தொடங்குங்கள். மொபைல் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். அடிச்சுருதி காதில் விழாவிட்டால் பாதிப் பாட்டு போச்சு.