கட்டாக்காலி மாட்டையும் கணக்கில் எடுங்கள்

நடுவர் அவர்களே, ஆள் ஓட்டாமல் தானே ஓடும் தானோட்டி வாகன ஆராய்ச்சி எங்கள் பல்கலைக்கழகங்களுக்கு அவசியமா, ஆடம்பரமா? ஆடம்பரம் என்றார் எதிரணி அண்ணன். றோட்டுக் குழி மூடவே காசில்லையாம், கிளிநொச்சிக்கு எதற்காம் தானோட்டிக் கார். கைதட்டலும் நல்லாத்தான் விழுந்தது. ஆனால் அவர் பேசியது கார் வாங்குவதைப் பற்றி, ஆராய்ச்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். 2004இல் அமெரிக்கப் பாலைவனத்தில் வைத்த தானோட்டி வண்டிப் போட்டியில் ஒரு வண்டிகூட முடிவுக்கோட்டைத் தொடவில்லை. அடுத்த வருடமே ஐந்து தொட்டன. அப்புறம் மெல்ல மெல்ல, விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொடுப்பதை விட்டு, வீதியைப் படம் பிடித்துக் காட்டிக் கணினியைப் பழக்குவதுதான் வழி என்று ஆகிவிட்டது. அதாவது, எவன் தன் வீதியைப் படம் பிடித்தானோ அவன் வீதிதான் வண்டிக்குத் தெரியும்.

2012இல் வெளிவந்த ‘கிட்டி’ என்ற வீதிப் படத் தரவுத்தொகுப்பு, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஒரு காரின் கூரையில் கமராவும் லேசர் கருவியும் பூட்டி, பகல் வெளிச்சத்தில் ஊரைச் சுற்றி எடுத்தது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதைத்தான் அளவுகோலாக வைத்தார்கள். அதில் கார், வான், லொறி, நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், ஏன், டிராமுக்குக்கூடத் தனிப் பெயர் உண்டு. மாட்டுக்கு இல்லை, வந்தால் ‘மற்றவை’க்குள் போகவேண்டியதுதான். இரவில் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் போய்ப் பாருங்கள், தார்ச் சூட்டுக்கு நடுறோட்டில் படுத்து அசைபோடும் கட்டாக்காலி மாடுகள், பின் லைட் இல்லாமல் பெட்டி இழுத்துப்போகும் லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம், அறுவடை நேரமென்றால் பாதி வீதிக்குக் காயப்போட்ட நெல்லும் அதைச் சுற்றி வைத்த கல்லும். இதில் எதை வண்டி கார்ல்ஸ்ரூவில் பழகும்?

சுவீடனில் மூஸ் மானைக் கண்டுபிடிக்கப் பழகிய வொல்வோ கருவி, அவுஸ்திரேலியாவில் கங்காருவிடம் மாட்டிக்கொண்டது. துள்ளும்போது அது கிட்டவா தூரவா என்று பிடிபடவில்லையாம், 2017இல் அவர்களே சொன்னது. ஹைதராபாத்தில் ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வெளியாள் வந்து தங்கள் வீதியைப் படம் எடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. ஹைதராபாத், பெங்களூரு வீதிகளில் எடுத்த சுமார் 10,000 படங்களில் ஓட்டோவுக்கும் விலங்குக்கும் தனி வகை வைத்து வெளியிட்டார்கள்.

அண்ணன் வேண்டாம் என்றாலும் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார்களிலேயே தானாகப் பிரேக் பிடிக்கும் கருவி இருக்கிறது. அது எங்கள் மாட்டைக் கண்டு நிற்குமா என்று யார் சோதிப்பது, ஜப்பான்காரனா? கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே இருக்கிறது. லேசர் கருவிக்குக் காசில்லையா, சரி, விடுங்கள். ஒரு கமராவை பஸ்ஸின் முன்கண்ணாடியில் ஒட்டி மாரி, கோடை, இரவு என்று ஓடவிடுங்கள், இறுதி வருட மாணவர்கள் இருந்து மாடு, நெல், லான்ட்மாஸ்டர் என்று குறித்துத் தருவார்கள். நெல் காயப்போட்டவரிடம் மட்டும் முதலே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸுக்குப் படம் எடுக்கிறார்கள் என்று சாக்கை விரித்து அள்ளத் தொடங்கிவிடுவார்.