நெஞ்சே, இரு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சோர்ந்த மனதைத் தூக்கி நிறுத்துவது பிறர் சொல்லும் ஆறுதலா, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கவிதையா? இதுதான் தலைப்பு. கவிதைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

"தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது" என்றார் எதிரணித் தோழர். அப்படியானால் வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்குவாரா? 125ஆம் அதிகாரத்தின் பெயர் 'நெஞ்சொடு கிளத்தல்'. பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சை எதிரே உட்காரவைத்துப் பேசுகிறாள். இந்த நோய் தீர ஏதாவது ஒரு மருந்தை யோசித்துச் சொல்ல மாட்டாயா நெஞ்சே என்றுதான் தொடங்குகிறாள்.

தன் நெஞ்சையே அவள் 'நீ' என்று கூப்பிடுவதைக் கவனியுங்கள். 2014இல் ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பலர் முன்னால் பேசப் போகிறவர்களில் சிலரை 'நான்' என்றும், சிலரை 'நீ' என்றோ தங்கள் பெயரைச் சொல்லியோ மனதுக்குள் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டாவது வகையினருக்குப் பதற்றம் குறைந்தது, பேச்சும் நன்றாக அமைந்தது. நம் தலைவிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது!

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்கள். பகலெல்லாம் ஆறுதல் சொல்ல ஆள் வந்தார்கள், அவர்களை நான் மறக்க மாட்டேன். ஆனால் இரவு மூன்று மணிக்கு யாரை எழுப்புவது? குழாயில் மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்:

"நெஞ்சே, விடியும்வரை தாங்கு என்று சொல்லவில்லை;
அடுத்த சொட்டு விழும்வரை இரு."

அப்புறம், மூன்றாவது வரி தேடித் தலையை நிமிர்த்தியபோதுதான் பார்த்தேன். தூக்கத்திலேயே அப்பாவின் விரல்கள் போர்வை மேல் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. எந்தப் பாட்டோ, தெரியவில்லை. பல நாளைக்குப் பிறகு சிரித்தேன். வரி தேடாமல் இருந்திருந்தால் அந்த விரல்களைப் பார்த்திருக்கவே மாட்டேன், நடுவர் அவர்களே.

மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்த் தவிக்கிறவருக்கு மருத்துவர் வேண்டும். அவரிடம் கவிதையை மட்டும் நீட்டுவது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவிதை துன்பத்தை மூடி மறைக்கிறது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். புறநானூற்றின் 194ஆம் பாட்டைப் பாருங்கள். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு. இரண்டையும் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்பு உணர்ந்தோரே" என்கிறார். கொடுமையான உலகம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகுதான் இனியதைக் காணச் சொல்கிறார். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

அந்தச் சீட்டு இன்னும் என் பையில் இருக்கிறது, மடித்த இடத்தில் கிழியத் தொடங்கிவிட்டது. இந்த மேடை ஏறும்போதும் படியருகே ஒரு நொடி நின்றேன். இரண்டே இரண்டு சொற்களை மாற்றிச் சொல்லிக்கொண்டேன்: "நெஞ்சே, அடுத்த சொல் வரும்வரை இரு."

நன்றி, வணக்கம்.