நெயில் கன்: மூக்குக்கு மரமும் தெரியாது, முழங்காலும் தெரியாது

[காட்சி: காரைக்குடி. பழைய வீடு ஒன்றின் வளவு. நிழலில் கம்ப்ரசர், தரையில் நீளும் ஹோஸ்.]

வணக்கம். செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றுகிறார்கள் என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். கம்ப்ரசர் தடதடக்கும், நடுநடுவே நெயில் கன்னில் இருந்து, அதாவது காற்றழுத்தத்தால் ஆணி அடிக்கும் கருவியில் இருந்து, ‘டப், டப்’ என்று ஆணி இறங்கும். இந்த வீடுகளின் நிலையும் கதவும் பர்மா தேக்கு. ஒரு மரத்தின் முனையை இன்னொன்றின் துளைக்குள் இறுக்கிப் பொருத்தியவை. அவற்றுக்கு இந்தக் கருவி தேவையே இல்லை. புதிதாக வரும் பிளைவுட் அலமாரி, ஓரங்களில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டையான பீடிங், ஏசி குழாயை மறைக்கும் பெட்டி, இதற்கெல்லாம்தான் நெயில் கன்.

[திரையில்: நெயில் கன்னின் உட்பகுதி, வெட்டிக் காட்டும் படம்.]

உள்ளே நடப்பது இதுதான். ஹோஸ் வழியாக வரும் காற்று கருவிக்குள் அடைபட்டு நிற்கிறது. டிரிக்கரை அழுத்தினால் வால்வு திறந்து, அந்தக் காற்று பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இருக்கும் எஃகுத் தகடு, வரிசையில் முன்னால் நிற்கும் ஆணியை அடித்து மரத்துக்குள் இறக்குகிறது. கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

[காட்சி: கருவியின் நுனி, மிக அருகில்.]

நுனியில் ஒரு பாகம் மேலும் கீழும் அசைகிறது, பாருங்கள். மூக்கு என்று வைத்துக்கொள்வோம். அது எதிலாவது அழுந்தினால்தான் ஆணி வரும். இதைக் காட்டி, “லாக் இருக்குண்ணே, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லும் தம்பி எல்லாப் பட்டறையிலும் உண்டு. தம்பி, அந்த மூக்குக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எதிலோ பட்டிருக்கிறோம். அது தேக்கா, பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் முழங்காலா என்று அதற்குத் தெரியாது.

அதனால் டிரிக்கர் எந்த வகை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வகையில், முதலில் மூக்கை அழுத்தி, அப்புறம் டிரிக்கரை இழுக்க வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு ஆணி. அடுத்த ஆணிக்கு விரலை விட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொரு வகையில், டிரிக்கரைப் பிடித்தபடியே மூக்கால் தொட்டுக்கொண்டே போகலாம். தொட்ட இடமெல்லாம் ஆணி. ‘தொட்டால் சுடும்’ வகை என்று வைத்துக்கொள்வோம், துப்பாக்கி சுடுவதுபோல. வேகம் என்னவோ உண்மைதான். ஆனால் ஆணி இறங்கும்போது கருவி பின்னால் உதைக்கும். விரல் டிரிக்கரிலேயே இருந்தால், உதைத்து எழும்பிய மூக்கு மறுபடி எதிலாவது பட்டதும் இரண்டாவது ஆணி கிளம்பிவிடும். முதல் ஆணி போன இடத்துக்கே அதுவும் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை நெயில் கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர். 2011-ல் அந்நாட்டு அரசு இதற்கென்றே ஒரு கையேடு போட்டது. தொட்டால் சுடும் வகையில் காயத்தின் ஆபத்து மற்ற வகையைப் போல இரண்டு மடங்கு என்று அதில் இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் ஒற்றை ஆணி வகையையே கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் மெதுவாகப் போகும், போகட்டும். பீடிங் அடிப்பதில் யாருக்கும் ரயில் பிடிக்கிற அவசரம் இல்லை.

[காட்சி: தரையில் ஒரு கழிவுப் பலகை. கண்ணாடி போட்ட ஆசாரி. சுற்றி யாரும் இல்லை.]

கையில் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லையா? இப்படிச் சோதியுங்கள். கருவியைக் கழிவுப் பலகைக்கு நேராகப் பிடித்து, மூக்கு படாமல் டிரிக்கரை மட்டும் இழுங்கள். எதுவும் வரக்கூடாது. வந்தால் அந்தக் கருவியை ஓரம் கட்டுங்கள். இழுத்த விரலை விடாமல், மூக்கைப் பலகையில் அழுத்துங்கள். ஆணி இறங்கினால், அது தொட்டால் சுடும் வகை. அப்படிப்பட்ட கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது விரல் டிரிக்கர் பக்கமே போகக்கூடாது. ஏணியில் ஏறும்போது நிச்சயமாகக் கூடாது.

மூக்கு எப்போதும் அழுந்தியே இருக்கும்படி கம்பி வைத்துக் கட்டுவது, ஸ்பிரிங்கைக் கழற்றுவது, இதெல்லாம் சில இடங்களில் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பேசப்படுகிறது. அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

[காட்சி: பீடிங்கைப் பிடித்திருக்கும் இடது கை. பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல்.]

ஆணி இறங்கும் இடத்துக்கும் உங்கள் மற்ற கைக்கும் நடுவே குறைந்தது 12 அங்குலம் வேண்டும். பீடிங் சின்னது, கையால்தானே பிடிக்க வேண்டும் என்பீர்கள். கிளாம்ப் போடுங்கள், இல்லையென்றால் முதலில் பசை தடவி ஒட்டவிடுங்கள். பீடிங்குக்கு அடிக்கும் ஆணிகள், ‘பின்’ (pin) ஆணிகள் என்பார்கள், மெலிசு. எஃப்-30 என்ற அளவு என்றால் 30 மில்லிமீட்டர் நீளம்; மரத்தின் ரேகையோடு வளைந்து, பலகையின் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். அங்கேதான் விரல் இருக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு தனி ஆபத்தும் உண்டு. இடித்த வீடுகளின் தேக்கு இங்கே நிறைய விற்பனைக்கு வருகிறது, அருமையான மரம். ஆனால் அதற்குள் எந்தக் காலத்து இரும்பு புதைந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. மேலே மெழுகும் பாலீஷும் மூடியிருக்கும். அந்த இரும்பின் மேல் ஆணி பட்டால் திரும்பித் தெறிக்கும். கெட்டியான கணுவிலும் அப்படித்தான். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இழுக்கிற இடத்தில் சாக்குக்கட்டியால் குறி போடுங்கள். மிக ஆழத்தில் இருப்பது காந்தத்துக்கு எட்டாது. ஆகவே பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். படிக்கிற கண்ணாடி இதற்கு ஆகாது. காதுக்கும் ஏதாவது அடைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இந்தச் சத்தம் கேட்டால் காது மந்தமாகும்.

சரி, காற்றுக்கு வருவோம். சின்னப் பின் ஆணிக் கருவிகளுக்கு 60 முதல் 100 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். கருவியின் உடம்பிலேயே உச்ச அளவு எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். குறைவாக ஆரம்பித்து, ஆணித் தலை மரத்துக்குச் சமமாக இறங்கும்வரை ரெகுலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

[திரையில்: ஆக்சிஜன் சிலிண்டர். மேலே சிவப்புப் பெருக்கல் குறி.]

கம்ப்ரசர் மக்கர் செய்த நாளில், பக்கத்து வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டலாமா என்று ஒரு யோசனை வரும். நிறைந்த சிலிண்டரில் 150 பார் அளவுக்கு, அதாவது 2,000 பி.எஸ்.ஐ.க்கும் மேல், அழுத்தம். கருவிக்குள்ளோ எண்ணெய். ஆக்சிஜனும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்தால் கருவி கையிலேயே வெடிக்கும். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

ஆணி ஜாம் ஆனால், முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். டிரிக்கரில் இருந்து விரலை எடுப்பது மட்டும் போதாது. ஹோஸை இணைக்க, கருவியில் மாட்டும் கப்ளர் முனை, காற்றை அடைக்காத திறந்த வகையாக இருக்கட்டும். அப்போதுதான் ஹோஸைக் கழற்றிய உடனே உள்ளே மிச்சமிருக்கும் காற்றும் வெளியே போகும். அப்புறம்தான் மூக்கைத் திறந்து, சிக்கிய ஆணியை எடுக்க வேண்டும்.

[காட்சி: முதலுதவிப் பெட்டி.]

இத்தனைக்கும் பிறகு கையில் ஆணி ஏறிவிட்டால், குறடு வைத்துப் பிடுங்காதீர்கள். நரம்போ தசைநாணோ மூட்டோ அடிபட்டிருக்கலாம், வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். சில ஆணிகளில் பசைப் பூச்சு வேறு இருக்கும். ஆணியை அசையாமல் விட்டு, சுற்றிலும் சுத்தமான துணியால் கட்டி, மருத்துவமனைக்குப் போங்கள். தலை, நெஞ்சு, கண் என்றால் யோசிக்காமல் 108. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று சொல்லுங்கள். கிளம்பும்போது மேகசினில், அதாவது ஆணி வரிசையைப் போடும் பாகத்தில், இருக்கும் அதே ஆணிகளில் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நீளம் உள்ளே இருக்கிறது என்று டாக்டருக்குக் காட்டலாம்.