உழைப்பா, காகிதமா? நான் காகிதத்தின் கட்சி

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஜனவரிக் குளிரில் கார் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிவிட்டு இந்த நியூ ஜெர்சிப் பள்ளிக்கூட அரங்குக்கு வந்து, பொங்கல் வடை முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'வந்த நாட்டில் நம்மை நிலைநிறுத்துவது உழைப்பா, காகிதமா?' என்பது தலைப்பு. எதிரணி அக்கா 'உழைப்பே உழைப்பே' என்று மேசையைத் தட்டிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். நடுவர் ஐயா, உங்கள் கதையையே எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்தில் 'எதற்கு வந்தீர்கள்' என்று கேட்டதற்கு நீங்கள் 'தீர்ப்பு சொல்ல வந்தேன்' என்றீர்களாம், அதிகாரி 'நீங்கள் நீதிபதியா' என்று கேட்டாராம், 'இல்லை, பட்டிமன்ற நடுவர்' என்றதும் தனி அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டாராம். முப்பது வருடமாக மேடை மேடையாக உழைத்தவர் நீங்கள். அந்த அறையிலிருந்து உங்களை வெளியே விட்டது அந்த உழைப்பா, பையில் மடித்து வைத்திருந்த சங்கத்தின் அழைப்புக் கடிதமா? நீங்கள் சிரிக்கிறீர்கள். தீர்ப்பில் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசினேன் என்று யாரும் கவரில் நூறு டாலர் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நான் எச்-1பி, கம்பெனி மனுப் போட்டு வாங்கித் தரும் வேலை விசா. எனக்கு மனுப் போட்ட கம்பெனியைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்து காசு வாங்கினால் விசாவுக்கு வினை. பொன்னாடை போதும்.

அக்கா ஓர் உதாரணம் சொன்னார், நம் சங்கத்து மூத்த அண்ணன் ஒருவரைப் பற்றி. வந்த புதிதில் ஓட்டலில் தட்டுக் கழுவியவர், இன்றைக்கு அவருக்கே மூன்று உணவகம் இருக்கிறது, இது உழைப்பு இல்லாமல் வேறென்ன என்று கேட்டார். உழைப்புதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த அண்ணனிடம் நான் டீ இடைவேளையில் போய்க் கேட்டேன். வந்த மூன்றாம் வருடமே இங்கே நிரந்தரமாகத் தங்க விடும் கிரீன் கார்டு கையில் இருந்ததாம், முதல் கடை திறந்தது ஐந்தாம் வருடமாம். அதே அண்ணன் என்னைப் போல எச்-1பியில் மாட்டியிருந்தால், எவ்வளவு உழைத்தாலும் சொந்தக் கடையின் கல்லாவில் போய் உட்கார்ந்திருக்க முடியாது. அந்த ஐந்தாம் வருடத்தைத் திறந்துவிட்டது எது?

என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள், மூன்றாவது வரிசையில். ஊரில் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். 2011ல் என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, எச்-1பிக்காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வந்தாள். எச்-4 என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கும் பெண்களுக்குத் தெரியும்: வேலை செய்யக் கூடாது. கூடாது என்றால் சம்பளத்துக்குக் கூடாது, வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யலாம். 2015 மே மாதம்தான், கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்ட எச்-1பிக்காரர்களின் துணைக்கு வேலை அனுமதி அட்டை தரலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அவளுக்கு அது 2016ல் கிடைத்தது. இடையில் போன ஐந்து வருடமும் அவள் உழைக்கத் தயாராகத்தான் இருந்தாள், அக்கா. உழைப்பதற்கே ஒரு அட்டை வேண்டியிருக்கிறதே, இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

சரி, கிரீன் கார்டு வரிசையில் நான் சேர்ந்த கதையைச் சொல்கிறேன். கிரீன் கார்டுக்கு முதல் படி 'லேபர்', அதாவது இந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை என்று கம்பெனி காட்ட வேண்டும். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், அலுவலகத்திலும் பத்து வேலை நாள் அறிவிப்பு ஒட்டி வைக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதைச் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டினார்கள். தினமும் மதியம் நான் சாம்பார் சாதத்தை உள்ளே வைத்துவிட்டு அந்த இரண்டு நிமிடமும் நின்று படிப்பேன். என் வேலை, என் தகுதி, என் சம்பளம், எல்லாம் அச்சாகியிருக்கும், இந்த வேலைக்கு ஆள் தேவை என்று. நான் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே! பின்னால் தட்டோடு நிற்கிற வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, 'நல்ல வேலையாக இருக்கிறதே' என்றார். எனக்கு அன்றைக்குச் சாதம் இறங்கவில்லை.

அந்த லேபர் மனுப் போட்ட தேதிதான் என் பிரயாரிட்டி டேட். 2015 மார்ச். வரிசையில் என் டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் இவர்களுடைய வெளியுறவுத் துறை ஒரு புல்லட்டின் விடும், எந்தத் தேதி வரை கூப்பிடுகிறோம் என்று. ஊரில் அப்பா தினத்தந்தியில் ராசிபலன் பார்ப்பது போல நான் அதைப் பார்ப்பேன். வேலை வழிக் கிரீன் கார்டில் என்னுடையது இபி-2 என்ற வரிசை, பக்கத்து வரிசை இபி-3. 2020 அக்டோபரில் ஒரு பெரிய அலை அடித்தது, இபி-3 வரிசையில் 2015 ஜனவரி 1க்கு முந்தைய தேதி உள்ளவர்களெல்லாம் கடைசிக் கட்ட விண்ணப்பம் போடலாம் என்றார்கள். அந்த வரிசைக்கு மாறிப் போடலாம் என்று பார்த்தால் எனக்கு இரண்டு மாதத்தில் தவறியது. 2022 செப்டம்பரில் என் இபி-2 வரிசை 2014 டிசம்பர் 1 வரைக்கும் வந்துவிட்டது. நானும் இவளும் சோபா வாங்கலாமா என்றுகூடப் பேசினோம், அதுவரை வீட்டில் இருந்ததெல்லாம் யாரோ ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சோபாதான். அடுத்த ஏப்ரலில் பார்த்தால் அதே வரிசை 2011 ஜனவரிக்குப் போயிருந்தது. பின்னால்! ரேஷன் கடை வரிசை மெதுவாக நகரும், நகராமலும் நிற்கும், ஆனால் நாலு வருடம் பின்னால் போகும் வரிசையை நம் ஊரில்கூட நான் பார்த்ததில்லை. அந்த ஏழு மாதத்தில் நான் உழைப்பில் என்ன குறை வைத்தேன்?

கணக்கு இதுதான். 1990ல் போட்ட சட்டப்படி வேலை வழியாக வருடத்துக்கு ஏறக்குறைய 1,40,000 கிரீன் கார்டு, மனைவி மக்களும் அதற்குள்ளேயே. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீதம்தான். 140 கோடிப் பேருள்ள இந்தியாவுக்கும் அதே 7, நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் அதே 7. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்தால் நமக்குக் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான். இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை 'பிறந்தவர்களுக்கு'. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பார்ப்பதில்லை, எங்கே பிறந்தாய் என்றுதான் பார்க்கிறார்கள்.

இங்கேதான் என் அம்மா கதைக்குள் வருகிறார்.

அப்பா குவைத்தில் கணக்கராக இருந்தார், அம்மாவும் கூடவே இருந்தார். 1984ல் நான் வயிற்றில். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று பாட்டி பிடிவாதம் பிடித்து, ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு, அம்மாவைப் பாளையங்கோட்டையிலேயே நிறுத்திக்கொண்டார். நான் அங்கே பிறந்தேன். நாலு வருடம் கழித்துத் தங்கை உண்டானபோது பாட்டி உயிரோடு இல்லை, அதனால் அம்மா குவைத்திலேயே பெற்றுக்கொண்டார். 1990ல் ஈராக் படை உள்ளே வந்ததும் எல்லோரையும் போல அம்மான் வழியாக ஊருக்கு ஓடி வந்துவிட்டோம். தங்கைக்கு அப்போது இரண்டு வயது. குவைத் அவளுக்குக் குடியுரிமையும் கொடுக்கவில்லை, ஒரு நினைவும் கொடுக்கவில்லை. ஒரே பள்ளிக்கூடம், ஒரே கல்லூரி, ஒரே கம்ப்யூட்டர் படிப்பு. நான் இங்கே வந்தது 2010, அவள் படிக்க வந்தது 2012. அவளுக்கு 2016ல் விண்ணப்பம் போட்டார்கள், 2018ல் கையில் அட்டை. ஏனென்றால் இந்த நாட்டுக் கணக்கில் அவள் குவைத், நான் இந்தியா. அவளைக் கட்டிய மாப்பிள்ளை கோயம்புத்தூரில் பிறந்தவர், அவருக்கும் மனைவியின் கணக்கிலேயே சேர்ந்து கிடைத்துவிட்டது. நாங்கள் அவருக்கு இருபது பவுன் போட்டோம், அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. இந்தச் சீரைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்.

உழைத்தால் காகிதம் தானாக வரும் என்றார் அக்கா. என் தங்கை என்னைவிடக் கெட்டிக்காரிதான், ஒத்துக்கொள்கிறேன். பத்து வருடக் கெட்டிக்காரி இல்லை.

விசா இல்லாவிட்டால் என்ன, ஊருக்குப் போய்விடலாமே என்று எதிரணித் தம்பி ஒருவர் நடுவில் கேட்டார். போகலாம் தம்பி. போய்விட்டு வருவதுதான் சிரமம். இங்கே தங்குவதற்கு என் காகிதம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் வெளியே போனால் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை குத்தாமல் திரும்பி ஏற முடியாது. 2021 ஜூலையில் அப்பா இறந்தார். என் முத்திரை காலாவதி, புதிதாகக் குத்த ஊரில் நேர்காணல் தேதியே இல்லை, கொரோனா. போனால் எப்போது திரும்புவேன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, இங்கே இவளும் பள்ளிக்கூடம் போகிற மகளும். தங்கை அன்றைக்கே டிக்கெட் போட்டாள். அவளுக்காக இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவள்தான் எனக்குப் போனைப் பிடித்துக் காட்டினாள். நீர்மாலைக்கு மூத்த பிள்ளை எங்கே என்று யாரோ ஒரு பெரியவர் கேட்டது எனக்கு இங்கே கேட்டது. கொள்ளி வைக்கச் சித்தப்பா மகன் நின்றான். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், சுடுகாட்டுக்குப் போவதில்லை. தங்கையும் நின்றுவிட்டாள். போனும் தெருமுனையோடு நின்றுவிட்டது.

அக்கா, கை தட்ட வேண்டாம். இதை நான் கைதட்டலுக்குச் சொல்லவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் ஒரு பையன் இருக்கிறான், நாலு வயதில் திருச்சியிலிருந்து வந்தவன், போன வருடம் இதே மேடையில் சிலம்பம் சுற்றினானே, அவன்தான். அவனுக்கு 21 முடிந்தது. 21 ஆனால் அப்பாவின் வரிசையில் பிள்ளை என்ற இடம் போய்விடும். இப்போது அவன் வளர்ந்த ஊரிலேயே வெளிநாட்டு மாணவன், எஃப்-1 விசா. அவன் அப்பா பதினேழு வருடமாக வரி கட்டுகிறார், ஒருநாள் லீவு போட்டுப் பார்த்ததில்லை.

அப்புறம் 2025 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை கையெழுத்து, ஞாயிறு பிறந்ததும் அமல், எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் என்று செய்தி. ஊருக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள்தான் அது புது மனுக்களுக்கு மட்டும் என்று விளக்கம் வந்தது. அந்த ஒரு ராத்திரி நம் வாட்ஸப் குழுவில் யாராவது 'நான் நன்றாக உழைக்கிறேன், எனக்குக் கவலையில்லை' என்று எழுதினார்களா? நான் தேடிப் பார்த்தேன். அக்காவும் எழுதவில்லை. 'யாருக்காவது நல்ல வக்கீல் தெரியுமா' என்றுதான் எழுதியிருந்தார், ராத்திரி 2:10க்கு.

மணி அடித்துவிட்டார்கள். வேலை போனால்கூட இந்த நாட்டில் அறுபது நாள் அவகாசம் தருவார்கள் ஐயா, எனக்கு அறுபது விநாடி கொடுங்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே ஒரு கேள்வி. நீங்கள் உழைப்பைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள், நடுவில் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள்: பாளையங்கோட்டையில் பிறக்காமல் இருக்க நான் இன்னும் எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்?